வெளிநாட்டு மருத்துவச் சேவைப் பயணம் டாக்டர் படிப்புக்குக் கைகொடுக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் இவை. "இரண்டு வாரம் ஆப்பிரிக்காவிலோ நேபாளத்திலோ ஆஸ்பத்திரியில் சேவை, முடிவில் சான்றிதழ், டாக்டர் சீட்டுக்கு உதவும்" என்று விளம்பரம் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். பணம் கட்டிய பிறகு கேட்பதைவிடக் கட்டும் முன் கேட்பது நல்லது.

இந்தியாவில் எம்பிபிஎஸ் சேர இது உதவுமா?

உதவாது. துளியும் உதவாது.

இங்கே சேர்க்கை நீட் தரவரிசைப்படி நடக்கிறது. 180 கேள்வி, 720 மதிப்பெண். இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90. சரியான விடைக்கு 4, தவறானதற்கு 1 குறையும். கவுன்சலிங் விண்ணப்பத்தில் சாதி, வருமானம், இருப்பிடம், படித்த பள்ளி எல்லாம் கேட்பார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளையா என்று பார்ப்பார்கள், 2020 முதல் அவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. "கென்யாவில் சேவை செய்தாயா?" என்று கேட்க அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

சிங்கப்பூரிலோ துபாயிலோ உறவினர் இருந்து என்ஆர்ஐ ஒதுக்கீட்டில் சேரலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான். அந்த ஒதுக்கீட்டுக்கும் நீட் தேர்ச்சி வேண்டும்.

இந்தியாவில் மட்டும் விண்ணப்பிக்கப் போகும் பிள்ளையின் பிளஸ் ஒன் கோடை விடுமுறையில் இரண்டு வாரத்தை இதற்குக் கொடுத்தால், போக வர, களைப்பு, விட்ட பாடம் எல்லாம் சேர்த்து ஒரு மாதம் போய்விடும். அந்த ஒரு மாதத்தில் உயிரியலில் மனித உடலியங்கியல் பகுதி முழுவதையும் இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிடலாம்.

வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு?

எந்த நாடு என்பதைப் பொறுத்தது. ரஷ்யா, ஜார்ஜியா போன்ற இடங்களுக்கு நம் பிள்ளைகள் போகும்போது பள்ளி மதிப்பெண்ணும் நீட் தேர்ச்சியும் போதும். சேவை அனுபவத்தை யாரும் கேட்பதில்லை. "இந்தப் பயணத்தில் சேர்ந்தால் அங்கே சீட்டும் உறுதி" என்று ஒரே பொட்டலமாக விற்கும் ஏஜென்டிடம், படிப்பு குறைந்தது 54 மாதமா, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி உண்டா, பாடம் ஆங்கிலத்திலா, படித்து முடித்தவர் அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2021-ல் போட்ட விதிகள் இவை. இதில் ஒன்று தவறினாலும் திரும்பி வந்து இங்கே பதிவு செய்ய முடியாது.

பிரிட்டனும் அமெரிக்காவும் வேறு கதை. அங்கே மதிப்பெண்ணோடு ஆளையும் பார்க்கிறார்கள்.

பிரிட்டனில் மருத்துவத்துக்கு விண்ணப்பக் கடைசி நாள் அக்டோபர் 15. அதற்கு முன் ஜூலை முதல் செப்டம்பருக்குள் யுகேட் என்ற தேர்வை எழுத வேண்டும். நோயாளிகளையோ முதியவர்களையோ கவனித்துக்கொண்ட அனுபவத்தைக் கேட்பார்கள். அது ஆஸ்பத்திரியில்தான் கிடைக்க வேண்டும் என்றோ வெளிநாட்டில் கிடைக்க வேண்டும் என்றோ கேட்பதில்லை. முதியோர் இல்லத்தில் ஆறு மாதம் சனிக்கிழமை தோறும் போனதற்கு அங்கே நல்ல மதிப்பு.

அமெரிக்காவில் பிளஸ் டூ முடித்ததும் நேரே மருத்துவம் படிப்பது மிக அரிது. நான்கு வருடம் பட்டப்படிப்பு, எம்கேட் தேர்வு, அதன் பிறகுதான் மருத்துவக் கல்லூரி. வெளிநாட்டு மாணவர்களைப் பெரும்பாலான கல்லூரிகள் எடுப்பதே இல்லை. ஆகவே பள்ளி வயதில் போகும் பயணத்தை ஐந்து வருடம் கழித்து எழுதும் விண்ணப்பத்துக்காகச் செய்வது அவ்வளவு புத்திசாலித்தனம் இல்லை. இன்னொன்றும் உண்டு. தகுதி இல்லாத மாணவர்கள் வெளிநாட்டில் நோயாளிகள் மீது கை வைப்பதைப் பற்றி அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2011-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டு எச்சரித்திருக்கிறது. "நான் தையல் போட்டேன்" என்று பெருமையாக எழுதினால் அங்கே கைதட்ட மாட்டார்கள். இந்தப் பிள்ளைக்கு எல்லை தெரியவில்லை என்று குறித்துக்கொள்வார்கள்.

அப்படியானால் எதை எழுதினால் மதிப்பு?

2026 சேர்க்கை முதல் பிரிட்டன் விண்ணப்பத்தில் ஒரே நீண்ட கட்டுரை கிடையாது. மூன்று கேள்விகள். இந்தப் படிப்பு ஏன் வேண்டும், இதுவரை படித்தது எப்படித் தயார்படுத்தியது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. மூன்றாவது கேள்விதான் இங்கே நமக்கு முக்கியம்.

இரண்டு விதமாக எழுதிப் பார்க்கலாம்.

முதல் விதம்: "தான்சானியாவில் இரண்டு வாரம் ஏழை மக்களுக்குச் சேவை செய்தேன். அவர்களுடைய சிரிப்பு என் வாழ்க்கையை மாற்றியது. டாக்டராக வேண்டும் என்ற உறுதி பிறந்தது."

இரண்டாம் விதம்: "தடுப்பூசி நாளில் கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொரு தாயிடமும் நான்கு விஷயம் சொல்வதைக் கவனித்தேன். கூட்டம் அதிகமானதும் நான்காவது விட்டுப்போனது. அடுத்த வாரம் அட்டை இல்லாமல் வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். நேரம் குறைந்தால் முதலில் பறிபோவது விளக்கிச் சொல்லும் நேரம்தான் என்று புரிந்தது."

முதலாவதை யாரும் எழுதலாம், போகாதவரும் எழுதலாம். இரண்டாவதை அங்கே நின்று பார்த்தவர்தான் எழுத முடியும். நேர்முகத்தில் "அந்த நாலாவது விஷயம் என்ன?" என்று கேட்டால் பதிலும் இருக்கும். அதற்கு விமான டிக்கெட் தேவைப்படவில்லை.

இதற்காக ஒரு நோட்டு வையுங்கள். ஒவ்வொரு நாளும் பத்து வரி போதும்: தேதி, இடம், பார்த்தது ஒன்று, புரியாதது ஒன்று, யாரிடம் கேட்டேன், என்ன சொன்னார். நோயாளியின் பெயர், ஊர், தெரு எதுவும் எழுதக் கூடாது. "அறுபது வயதுப் பெண்" என்று எழுதினால் போதும். அன்றைக்கே எழுதாவிட்டால் மூன்றாம் நாள் எல்லாம் கலந்துவிடும்.

இங்கேயே அந்த அனுபவம் கிடைக்குமா? எங்கே, எப்படிக் கேட்பது?

கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தொடங்குங்கள். கூட்டம் அளவாக இருக்கும், ஒரே டாக்டரும் ஒரே செவிலியரும் பல வேலைகளைச் செய்வதால் பார்க்க நிறைய இருக்கும். வட்டார மருத்துவ அலுவலருக்குக் கடிதம் எழுத வேண்டும். காரைக்குடி போன்ற அரசு மருத்துவமனை என்றால் தலைமை மருத்துவருக்கு. தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் உள்ள கடிதமாக இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். கடிதத்தில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கட்டும்: எந்த நாள்களில் எத்தனை மணி நேரம், பார்ப்பதோடு சரி எதையும் தொடமாட்டேன், நோயாளி விவரத்தை வெளியே சொல்லமாட்டேன். "ஒரு மாதம் முழுக்க வருகிறேன்" என்று கேட்டால் பெரும்பாலும் முடியாது என்பார்கள். "ஆறு செவ்வாய்க்கிழமை, காலை 9 முதல் 12 வரை" என்று கேட்டால் சம்மதிப்பது அவர்களுக்கு எளிது.

செவ்வாய் என்று சும்மா சொல்லவில்லை. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய் கர்ப்பிணிகள் நாள், புதன் தடுப்பூசி நாள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு ஊரின் தாய் சேய் நலம் எப்படி நடக்கிறது என்பது விளங்கும்.

புதன்கிழமை என்னென்ன பார்க்கலாம்? செவிலியர் கொண்டுவரும் தடுப்பூசிப் பெட்டியில் நான்கு ஐஸ் பேக் இருக்கும். தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பெட்டியில் போடமாட்டார்கள். மேலே ஈரம் பூத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசையும் வரை வெளியே வைத்திருப்பார்கள். காரணம் கேளுங்கள். சில தடுப்பூசிகள் சூட்டில் கெடுவதைவிட உறைந்தால் வேகமாகக் கெடும். தட்டம்மை-ரூபெல்லா மருந்தைக் கரைத்த பிறகு நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்துப் போடக் கூடாது, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஊசி போட்ட குழந்தையை அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள். வீட்டுக்கு அவசரமாகக் கிளம்பும் தாயை எப்படி நிறுத்துகிறார் என்று பாருங்கள், மருத்துவத்தில் பாதி வேலை அதுதான். தாயிடம் சொல்ல வேண்டிய நான்கு: எந்த நோய்க்கு இந்த ஊசி, பிறகு என்ன உபத்திரவம் வரலாம், அடுத்து எப்போது வர வேண்டும், அட்டையைப் பத்திரமாக வைத்து அடுத்த முறை கொண்டுவர வேண்டும்.

அடுத்து கண் சிகிச்சை முகாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கி வளர்ந்ததில் ஊர் ஊராகப் போட்ட முகாம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் பக்கத்துப் பள்ளிகளிலும் திருமண மண்டபங்களிலும் இப்படி முகாம்கள் நடக்கின்றன. நடத்தும் சங்கத்துக்கு எப்போதும் ஆள் தேவை. பதிவு மேசை, பார்வைச் சோதனை, கண் நீர் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, டாக்டர், பிறகு ஆலோசனை மேசை என்று வரிசை போகும்.

பிளஸ் ஒன் பிள்ளைக்குப் பொருத்தமான வேலை பதிவு மேசையும் வரிசையில் கைப்பிடித்து அழைத்துப் போவதும். பெயரை எழுதும்போதே கேட்க வேண்டியவை: ஏற்கெனவே எந்தக் கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, மாத்திரைச் சீட்டு கையில் இருக்கிறதா, இன்று காலை மாத்திரை போட்டாரா, வீட்டில் யாருடைய போன் எண். இதில் போன் எண் தப்பாகிவிட்டால் ஆபரேஷனுக்குப் பிறகு மறுபரிசோதனைக்கு அழைக்க வழியில்லை. பார்வைச் சோதனை 6 மீட்டர் தூரத்தில். எழுத்துத் தெரியாத ஆச்சிக்கு "E" வடிவ அட்டை, கோடுகள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று கையால் காட்டச் சொல்வார்கள். சோதிக்காத கண்ணைக் கையால் மூடச் சொன்னால் விரல் இடுக்கில் எட்டிப் பார்ப்பார். அதனால்தான் அட்டையால் மூடுகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு வந்தால், சோதனை முடிவு ஏன் தப்பாகும் என்பது பாடப் புத்தகத்தில் இல்லாத அளவுக்கு விளங்கும்.

வலி தணிப்புச் சிகிச்சை (குணமாக்க முடியாத நோயாளிகளின் வேதனையைக் குறைப்பது) நடக்கும் இடம் பக்கத்தில் இருந்தால் அங்கேயும் கேட்டுப் பாருங்கள். ஆனால் அது எல்லாப் பிள்ளைக்கும் ஏற்றதல்ல. வீட்டில் அண்மையில் இழப்பு நேர்ந்தவர்கள் கொஞ்சம் தள்ளிப் போடலாம்.

பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு இன்னொரு வழி: பிரைட்டன் அண்ட் சஸ்ஸெக்ஸ் மருத்துவக் கல்லூரி இணையத்தில் இலவசமாக ஒரு அனுபவப் பாடம் வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே முடிக்கலாம்.

எல்லாம் சரி. இருந்தாலும் போக வேண்டும் என்று பிள்ளை பிடிவாதமாக இருக்கிறான். பணம் வாங்கும் அமைப்புகள் எல்லாம் மோசடியா?

இல்லை. தங்க, சாப்பிட, கூட்டிப்போக, மொழி தெரிந்த ஆள் வைக்கச் செலவாகும். அதை வருகிறவர் கொடுப்பது நியாயம். கேள்வி வேறு: கட்டிய பணத்தில் எவ்வளவு அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறது?

கட்டணம் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம், விமானம் தனி. அதை வரி வரியாகப் பிரித்து எழுத்தில் தரச் சொல்லுங்கள். தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து, காப்பீடு, உள்ளூர் ஊழியர் சம்பளம், ஆஸ்பத்திரிக்கு, அலுவலகச் செலவு. தர மறுத்தால் அங்கேயே எழுந்துவிடலாம். தந்தால் இன்னும் சில கேட்க வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரி உங்களை வரச்சொல்லி எழுதிய கடிதம் இருக்கிறதா? அங்கே யாருடைய மேற்பார்வையில், அவர் அந்த நாட்டில் பதிவு பெற்ற டாக்டரா? ஒரு டாக்டருக்குப் பின்னால் ஒரே நேரத்தில் எத்தனை மாணவர் நிற்பார்கள்? பத்துப் பேர் என்றால் நோயாளிக்கும் மூச்சு முட்டும், உங்களுக்கும் ஒன்றும் தெரியாது. எந்த வேலை செய்யவே கூடாது என்று எழுத்தில் பட்டியல் வைத்திருக்கிறார்களா? போன வருடம் வந்தவர்கள் போன பிறகு அங்கே என்ன மிச்சம் இருக்கிறது?

"எல்லாம் செய்யலாம், ஊசி போடலாம், பிரசவம் பார்க்கலாம்" என்று விளம்பரத்திலேயே ஆசை காட்டினால் அந்த அமைப்பை விட்டு ஓடுங்கள்.

பணமே வாங்காமல் எடுக்கும் பெரிய அமைப்புகளும் இருக்கின்றன, ஆனால் அவர்கள் பள்ளிப் பிள்ளைகளை எடுப்பதில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தகுதியும் பணி அனுபவமும் உள்ளவர்களைத்தான் எடுக்கும். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்துக்கு 18 வயது நிரம்ப வேண்டும், கட்டணம் கிடையாது. ஐ.நா. பெயரைச் சொல்லி யாராவது பதிவுக் கட்டணம் கேட்டால் அது ஏமாற்று.

ஊசி போடக் கூடாது, தையல் போடக் கூடாது என்றால் போய் என்ன செய்வது?

பார்க்கலாம், கேட்கலாம், எழுதலாம். பதிவேடு ஒழுங்குபடுத்துவது, கூட்டத்தைச் சீராக அனுப்புவது, சுகாதாரப் பாடத்துக்குப் படம் வரைவது, கிருமி நீக்கத்துக்கு முன் கருவிகளை எண்ணி அடுக்க உதவுவது. கடைசியதும் கையுறையோடு, ஊழியர் பக்கத்தில் இருந்தால் மட்டும்.

எளிமையாக ஒரு சோதனை இருக்கிறது. காரைக்குடி ஆஸ்பத்திரியில் பிளஸ் டூ பிள்ளையான உங்களை இதைச் செய்ய விடுவார்களா? விடமாட்டார்கள் என்றால் வேறு நாட்டு ஏழை மனிதர் மீதும் செய்யக் கூடாது. இந்தியாவில் பதிவு பெறாதவர் மருத்துவம் பார்த்தால் 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அங்கே பிடிக்க ஆள் இல்லை என்பதால் அது சரியாகிவிடாது.

ரத்த அழுத்தம் பார்ப்பதுகூட சின்ன வேலை இல்லை. நோயாளி ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் அழுத்தம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். ரவிக்கைக் கைக்கு மேலேயே கட்டினாலும் தப்பாகும். அந்தத் தப்பு எண்ணை வைத்து ஒருவருக்கு வாழ்நாள் மாத்திரை தொடங்கிவிடலாம். முகாமில் முதல் நாள் வந்த மாணவர் கையில் கருவியைக் கொடுப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

மருந்து கொண்டுபோகலாமா என்றும் கேட்கிறார்கள். வீட்டில் மிச்சமான மாத்திரை, டாக்டரிடம் வாங்கிய சாம்பிள் எதையும் எடுத்துப் போகாதீர்கள். மருந்து நன்கொடைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே உண்டு: அங்கே போய்ச் சேரும்போது காலாவதிக்கு இன்னும் ஓராண்டாவது இருக்க வேண்டும், வாங்குகிறவர் கேட்ட மருந்தாக இருக்க வேண்டும். கேட்காமல் வந்த பெட்டிகளைப் பிரித்து எரிப்பது அந்த ஊருக்குக் கூடுதல் செலவு.

அனாதை இல்லத்தில் சேவை என்கிறார்களே?

வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிய அக்கா, புதிய அண்ணன் வந்து பாசம் காட்டிவிட்டுப் போவது அந்தக் குழந்தைகளுக்கு நல்லதல்ல. பார்வையாளர் பணத்துக்காகவே பெற்றோர் இருக்கும் குழந்தைகளையும் சேர்த்து நடத்தும் இல்லங்கள் பல நாடுகளில் உண்டு.

பாஸ்போர்ட், விசா?

சிவகங்கை மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம், புதுக்கோட்டைக்குத் திருச்சி. 18 வயது நிரம்பாதவருக்கு இரு பெற்றோரின் சம்மதமும் வேண்டும். போகும் அமைப்பும் தனியாக ஒப்புதல் கடிதம் கேட்கும்.

விசாவில்தான் சிக்கல் வரும். சுற்றுலா விசாவில் போய் சம்பளமில்லாத வேலையும் செய்யக் கூடாது என்பது பல நாட்டு விதி. தான்சானியாவில் தன்னார்வலர் தனியாக அனுமதி வாங்க வேண்டும். நேபாளத்துக்கு நமக்கு விசா தேவையில்லை, ஆனால் ஆஸ்பத்திரியில் சேவை செய்ய அனுமதி தனி விஷயம். "விமான நிலையத்தில் கேட்டால் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள்" என்று அமைப்பே சொல்லிக்கொடுத்தால், அந்த அமைப்பை நம்பி மகளை அனுப்பலாமா என்று யோசியுங்கள்.

தடுப்பூசிகளை எப்போது தொடங்க வேண்டும்?

கிளம்பும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அதிக நாள் பிடிப்பது ஹெபடைட்டிஸ் பி: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று ஊசி. ஆகவே ஏழெட்டு மாதம் முன்னதாகத் தொடங்க வேண்டும். சிறுவயதில் போட்டதா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். கடைசி ஊசி முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பு அளவைச் சோதிக்கலாம், 10 mIU/mL-க்கு மேல் இருந்தால் காப்பு உண்டு. ஹெபடைட்டிஸ் ஏ ஆறு மாத இடைவெளியில் இரண்டு. டைபாய்டு கான்ஜுகேட் ஒன்று போதும். வெறிநாய்க்கடி முன்தடுப்பு 0, 7, பிறகு 21 அல்லது 28-ம் நாள். போட்டிருந்தாலும் கடித்தால் ஊசி மறுபடி போட வேண்டும், ஆனால் குறைவாக.

கென்யா, உகாண்டா, கானா போன்ற நாடுகள் என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி. போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள், அங்கீகரித்த மையம் வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையம் அப்படி ஒன்று. இந்தச் சான்று இல்லாமல் திரும்பி வந்தால் இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். மஞ்சள் காமாலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெயரைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறைய.

மலேரியாவுக்கு ஊசியை நம்பிப் போக முடியாது, மாத்திரைதான். டாக்ஸிசைக்ளின் என்றால் தினம் 100 மில்லிகிராம், போவதற்கு ஓரிரு நாள் முன்னிருந்து திரும்பிய பிறகு நான்கு வாரம் வரை. ஊருக்கு வந்ததும் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. வெறும் வயிற்றில் போட்டுப் படுத்தால் தொண்டைக்குழாய் புண்ணாகும், நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்து விழுங்க வேண்டும். எந்த மாத்திரை பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டால்?

சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். அழுத்திப் பிழியாதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். உடனே மேற்பார்வை டாக்டரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது, 72 மணி நேரம் தாண்டினால் பலனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மருந்து அந்த ஆஸ்பத்திரியில் இருப்பு உண்டா என்பதைப் போகும் முன்பே கேட்டு வையுங்கள். "அடுத்த ஊரில் இருக்கிறது, ஐந்து மணி நேரப் பயணம்" என்றால் அந்த இடம் பள்ளிப் பிள்ளைக்கு ஏற்றதல்ல. பெரும்பாலும் ஊசி குத்துவது குப்பையை அள்ளும்போதும் ஊசிக்கு மூடி போடும்போதும்தான்.

எங்கள் ஐயா காலத்திலிருந்தே பினாங்கிலும் இலங்கையிலும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே போனால்?

கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன ஊர்களில் இன்றும் வீடும் ஆளும் இருப்பது செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்த வசதி. தங்கும் செலவு இல்லை, ஆபத்து என்றால் ஓடிவர அம்மான் இருப்பார். அதைவிடப் பெரியது மொழி. கென்யக் கிராமத்தில் நோயாளி டாக்டரிடம் சொல்வதில் ஒரு வரிகூட உங்களுக்குப் புரியாது. இலங்கை மலையகத்திலோ மலேசியத் தோட்டப்புறத்திலோ தமிழ் பேசும் முதியவர் தன் வலியைச் சொல்வதை நேரடியாகக் கேட்கலாம். சொல்லும் விதம் மாறும், அதைக் கவனிப்பதே பாடம். ஆனால் உறவினர் ஒருவர் கிளினிக்கில் தெரிந்தவர் என்பது அனுமதி ஆகாது. விசா விதியும் நோயாளி சம்மதமும் அங்கேயும் அப்படியேதான்.

எம்பிபிஎஸ் சேர்ந்த பிறகு போகலாமா?

அப்போது கேட்டால் எங்கள் பதில் மாறும். மூன்றாம் கட்டப் படிப்பின் முதல் பகுதித் தேர்வு முடிந்ததும் பாடத்திட்டத்திலேயே விருப்பப் பயிற்சிக்காலம் வருகிறது. உடற்பரிசோதனை செய்யத் தெரிந்திருக்கும், எது தெரியாது என்பதும் தெரிந்திருக்கும். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் சென்னையில் பட்டம் பெற்றார், 1925-ல்தான் மேற்பயிற்சிக்கு லண்டன் போனார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது 1954-ல். அவசரப்பட ஒன்றுமில்லை.

நோயாளியோடு எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போடலாமா?

கூடாது. குழந்தை என்றால் ஒருபோதும் கூடாது. அவர் சரி என்று தலையாட்டினாலும், மருந்து தருகிறவர் பக்கத்தில் நிற்பவரிடம் முடியாது என்று சொல்வது எவருக்கும் கடினம்.

திரும்பி வந்த பிறகு கவனிக்க வேண்டியது?

மலேரியா உள்ள இடத்துக்குப் போய்வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால், முக்கியமாக முதல் மூன்று மாதத்தில், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. ஓராண்டு வரை இதை நினைவில் வையுங்கள். நம்மூரில் காய்ச்சல் என்றதும் முதலில் டெங்கு, டைபாய்டு என்று பார்ப்பார்கள். "இந்த நாட்டுக்குப் போனேன், இந்தத் தேதியில் வந்தேன்" என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஆப்பிரிக்க மலேரியா ஓரிரு நாளில் மூளையைப் பிடிக்கக் கூடியது. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை, அரசு மருத்துவமனையில் இலவசம். காசநோய் வார்டில் நின்றிருந்தால் இருமல் இல்லாவிட்டாலும் எட்டு முதல் பத்து வாரம் கழித்து ஒரு சோதனை செய்துகொள்ளலாம். மலேரியா மாத்திரை மிச்சமிருந்தால் நாள் எண்ணி முடித்துவிடுங்கள்.